கவசம் போனதும் வந்ததும்

சென்னை ரிச்சி தெருவில் நெட்வொர்க் கேபிள் வாங்கப் போனால் கடைக்காரர் இரண்டு கேள்வி கேட்பார். "கேட் சிக்ஸா, சிக்ஸ் ஏ-வா?" "சாதாவா, ஷீல்டா?" முதல் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் தயாராக இருக்கும். இரண்டாவதில்தான் தடுமாற்றம். ஷீல்டுக்கு விலை கூடுதல், அதனால் தரமும் கூடுதலாகத்தான் இருக்கும் என்று வாங்கிப் போகிறவர்கள் உண்டு. எதற்கு வீண் செலவு என்று சாதா கேபிளோடு திரும்புகிறவர்களும் உண்டு. இரண்டு தரப்பும் சில இடங்களில் சரி, சில இடங்களில் தவறு.

கேபிளுக்குள் சுற்றியிருக்கும் உலோகத் தாளைத் தர முத்திரையாகப் பார்ப்பதால் வரும் குழப்பம் இது. ஏதோ ஒரு திசையிலிருந்து வரும் மின் இரைச்சலைத் தடுப்பதற்காகத்தான் அது அங்கே இருக்கிறது. அந்த இரைச்சல் வரும் இடம் கடந்த நூற்று நாற்பது ஆண்டுகளில் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. முதலில் தெருவில் இருந்தது. பிறகு கட்டடத்துக்குள் வந்தது. அப்புறம் கேபிளுக்குள்ளேயே, கடைசியில் பக்கத்துக் கேபிளில். ஒவ்வொரு முறை அது இடம் மாறியபோதும் கவசத்தின் கதையும் மாறியது.

டிராம் ஓடிய தெருவில்

ஆரம்பகாலத் தொலைபேசிக்கு ஒரு கம்பிதான். மின்னோட்டம் திரும்பி வரும் வழியாக மண்ணே இருந்தது. தந்திக்கு அது போதுமானதாக இருந்ததால் தொலைபேசிக்கும் அதையே வைத்துக்கொண்டார்கள். மின்விளக்குகளும் மின்சார டிராம்களும் வராத வரைக்கும் சிக்கல் பெரிதாகத் தெரியவில்லை. 1888-ல் அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில் டிராம் பெரிய அளவில் ஓடத் தொடங்கி, அடுத்தடுத்த நகரங்களுக்கும் பரவியது. டிராமின் மின்னோட்டமும் தண்டவாளம், மண் வழியாகவே திரும்பியது. இரண்டும் ஒரே பாதையைப் பகிர்ந்துகொண்டதால் தொலைபேசிக்குள் இரைச்சல் புகுந்தது.

அதற்குக் கண்ட தீர்வில் கவசம் எதுவும் இல்லை. மண்ணை விட்டுவிட்டு இன்னொரு கம்பியைச் சேர்த்தார்கள், அவ்வளவுதான். அந்த இரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்கிவிடலாம் என்ற யோசனைக்கு அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881-லேயே காப்புரிமை வாங்கியிருந்தார்.

முறுக்குவதில் என்ன நடக்கிறது? ஒரே மழையில் சேர்ந்து நடக்கிற இருவர் ஒரே அளவு நனைவதுபோல, முறுக்கிய இரு கம்பிகளும் வெளியிலிருந்து வரும் இரைச்சலை ஏறத்தாழச் சமமாக வாங்கிக்கொள்கின்றன. மறுமுனையில் இருக்கும் கருவி இரண்டு கம்பிகளுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்க்கிறது. இரண்டிலும் சமமாக ஏறியது கழிந்துவிடுகிறது. அனுப்பிய செய்தி மட்டும் மிஞ்சுகிறது. இன்றைக்கு நம் வீட்டு லேன் கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள் முறுக்கிக் கிடப்பதற்கும் காரணம் இதுதான்.

மஞ்சள் கேபிளின் காலம்

கணினி வலையமைப்பு இந்தத் தொலைபேசி அனுபவத்திலிருந்து தொடங்கவில்லை. 1973-ல் கலிபோர்னியாவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் பாப் மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் உருவாக்கிய ஈதர்நெட், கோஆக்சியல் கேபிளில் ஓடியது. நடுவில் ஒரு செம்புக் கம்பி, அதைச் சுற்றி மின்கடத்தாப் பொருள், அதற்கு மேல் உலோக உறை. அந்த உறை வெளி இரைச்சலைத் தடுத்தது. மின்னோட்டம் திரும்பி வரும் பாதையும் அதுவே. உறையைக் கழற்றினால் கேபிளே இல்லை. அதனால் அன்றைக்கு "ஷீல்டு வேண்டுமா, வேண்டாமா" என்ற கேள்விக்கே இடமில்லை.

டெக், இன்டெல், ஜெராக்ஸ் நிறுவனங்கள் மூன்றும் சேர்ந்து 1980-ல் வெளியிட்ட தரவரையறை நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தைச் சொன்னது. அதற்கான தடித்த கோஆக்சியல் கேபிள் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் விட்டம் கொண்டது. வழக்கமாக மஞ்சள் நிறம். ஒரு துண்டு 500 மீட்டர் வரை போகும். 2.5 மீட்டருக்கு ஒரு குறி போட்டிருக்கும். கணினியை இணைக்க அந்தக் குறி உள்ள இடத்தில் கேபிளைத் துளைத்து ஒரு முள்ளை நடுக்கம்பி வரை இறக்குவார்கள். அந்த இணைப்பிக்கு 'வாம்பயர் டாப்' என்றே பெயர். உறையை ஒரே ஓர் இடத்தில்தான் எர்த் செய்ய வேண்டும் என்பது அப்போதே விதி. எர்த்தும் கவசமும் பிரிக்க முடியாத ஜோடி என்ற பாடம் அங்கிருந்தே தொடங்குகிறது.

பிறகு வந்த மெல்லிய கோஆக்சியல் கேபிளை 1990-களில் கணினிப் பயிற்சி நிலையங்களில் படித்தவர்கள் பார்த்திருப்பார்கள். கணினிக்குப் பின்னால் 'டி' வடிவ பிஎன்சி இணைப்பி, வரிசையின் இரு கோடியிலும் 50 ஓம் டெர்மினேட்டர், அதிகபட்சம் 185 மீட்டர். யாராவது நாற்காலியை இழுக்கும்போது ஒரு இணைப்பு கழன்றால் அந்த வரிசையே முடங்கும். கவசம் இருந்தது, உறுதியும் இருந்தது. ஒரு கணினியை இடம் மாற்றுவதுதான் பெரும்பாடு.

ஐபிஎம் வேறு பாதையில் போனது. 1984-ல் அறிவித்த அதன் கேபிள் முறையில், 'டைப் 1' என்ற கேபிளுக்குள் இரண்டு முறுக்கிய ஜோடிகள் இருந்தன. ஒவ்வொரு ஜோடிக்கும் தனியாக ஒரு 'பாயில்', அதாவது மெல்லிய உலோகத் தாள். இரண்டையும் சேர்த்து வெளியே செம்புப் பின்னல். அடுத்த ஆண்டு வந்த டோக்கன் ரிங் வலையமைப்பு இதில் ஓடியது. இரைச்சலுக்கு எதிராக அசைக்க முடியாத கேபிள்தான். ஆனால் விரலளவு தடிமன், வளைக்கச் சிரமம், இணைப்பி ஒவ்வொன்றும் கைக்கு அடக்கமில்லாத அளவு. விலையும் அதற்கேற்பவே.

கழன்று விழுந்த கவசம்

இந்தக் கனத்தை உடைத்தது, அலுவலகச் சுவர்களுக்குள் ஏற்கெனவே கிடந்த தொலைபேசிக் கம்பி. அமெரிக்க அலுவலகங்களில் மேசைக்கு மேசை கவசமில்லாத முறுக்குக் கம்பி போட்டிருந்தார்கள். அதிலேயே ஈதர்நெட்டை ஓட்டினால் புதிய கேபிளே இழுக்க வேண்டாமே என்ற யோசனையில் 1980-களின் பிற்பகுதியில் சில நிறுவனங்கள் இறங்கின. ஜெராக்ஸ் பார்க்கிலிருந்து பிரிந்து வந்தவர்கள் தொடங்கிய சினாப்டிக்ஸ் அவற்றில் முக்கியமானது. 1990-ல் இது 10பேஸ்-டி என்ற பெயரில் தரமாகவே அறிவிக்கப்பட்டது. இரண்டு ஜோடி, 100 மீட்டர், 10 மெகாபிட், உலோக உறை எதுவும் இல்லை.

பெல்லின் பழைய முறுக்கு மறுபடி வேலைக்கு வந்தது. 1991-ல் அமெரிக்கத் தொலைத்தொடர்புத் தொழில் சங்கம் கட்டடக் கேபிள்களுக்கான தரத்தை வெளியிட்டது. அதைத் தொடர்ந்து கேட் 3, கேட் 5 என்ற வகைகள் புழக்கத்துக்கு வந்தன. கேட் 3 தாங்கியது 16 மெகாஹெர்ட்ஸ். கேட் 5 தாங்கியது 100. இங்கே இரைச்சலின் முகவரி மாறிவிட்டது. மோட்டாரும் டியூப் லைட்டும் தருவதைவிட, ஒரே உறைக்குள் படுத்திருக்கும் நான்கு ஜோடிகள் ஒன்றின் பேச்சை மற்றொன்று ஒட்டுக்கேட்பது பெரிய தலைவலியானது. இதற்கும் முறுக்கிலேயே விடை கண்டார்கள். ஒவ்வொரு ஜோடியையும் வெவ்வேறு நெருக்கத்தில் முறுக்கினால் அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. ஒரு கேட் 5 கேபிளைச் சீவிப் பார்த்தால் ஒரு ஜோடி இறுக்கமாகவும் இன்னொன்று தளர்வாகவும் இருப்பது கண்ணுக்கே தெரியும். 2002-ல் வந்த கேட் 6-ல் (250 மெகாஹெர்ட்ஸ்) பல தயாரிப்பாளர்கள் ஜோடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக்கால் ஆன கூட்டல் குறி வடிவத் தடுப்பு ஒன்றையும் வைத்தார்கள்.

மெல்லியது, மலிவு, எளிதில் வளையும், கிரிம்பிங் டூல் ஒன்று இருந்தால் யாரும் முனை போட்டுவிடலாம். எர்த் பற்றிய கவலையே இல்லை. அமெரிக்காவிலும் இந்தியாவிலும் அலுவலகங்கள் இந்தச் சாதா கேபிளிலேயே வளர்ந்தன. கவசத்தின் காலம் முடிந்தது என்றே பலரும் நினைத்தார்கள்.

ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து மூன்றும் அப்படி நினைக்கவில்லை. கருவிகள் வெளியிடும் மின்காந்த இரைச்சலுக்கு வரம்பு விதித்த ஐரோப்பிய நெறிமுறை 1996 ஜனவரி முதல் கட்டாயமானது. கேபிள் இரைச்சலை வாங்காமல் இருப்பது மட்டுமல்ல, வெளியே கசியவிடாமலும் இருக்க வேண்டும் என்று அவர்கள் பார்த்தார்கள். அதனால் அந்நாட்டு அலுவலகச் சுவர்களில் கவசக் கேபிளே வழக்கமாக நிலைத்தது. ஒரே காலகட்டம், ஒரே வேகம், இரண்டு கண்டங்களில் இரண்டு தீர்வு. இரண்டுமே வேலை செய்தன என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

பக்கத்துக் கேபிளின் பேச்சு

2006-ல் செம்புக் கம்பியில் நொடிக்கு 10 கிகாபிட் அனுப்பும் தரம் வந்தபோது கணக்கு மறுபடி மாறியது. அதற்கு 500 மெகாஹெர்ட்ஸ் அளவிலான கேபிள் தேவைப்பட்டது. மின்னழுத்தத்தில் 16 படிகளைப் பிரித்தறிய வேண்டும். படிகள் நெருங்க நெருங்க, சின்ன இரைச்சலும் ஒரு படியை இன்னொன்றாகக் காட்டிவிடும்.

ஒரே கேபிளின் நான்கு ஜோடிகளுக்குள் நடக்கும் ஒட்டுக்கேட்டலை இரு முனைகளிலும் உள்ள கருவிகளால் சமாளிக்க முடியும். எந்த ஜோடியில் என்ன அனுப்பினோம் என்பது அவற்றுக்கே தெரியும், அதனால் கணக்குப் போட்டுக் கழித்துவிடும். ஆனால் கேபிள் தட்டில் ஒட்டிப் படுத்திருக்கும் பக்கத்துக் கேபிளில் என்ன ஓடுகிறது என்று அவற்றுக்குத் தெரியாது. தெரியாததைக் கழிக்க வழியில்லை. 'ஏலியன் கிராஸ்டாக்' என்று பெயர் பெற்ற இந்தத் தொல்லைதான் கவசத்தைத் திரும்பக் கூட்டி வந்தது. கேட் 6 கேபிளில் 10 கிகாபிட் சாதகமான சூழலில் சுமார் 55 மீட்டர் போகும் என்றே கணக்கு. முழு 100 மீட்டருக்காக 2008-ல் கேட் 6ஏ வந்தது.

கவசமில்லாமலும் 6ஏ செய்யலாம், செய்கிறார்கள். கேபிளுக்கும் கேபிளுக்கும் இடைவெளி வேண்டும் என்பதற்காக உறையைத் தடிமனாக்கினார்கள். முதலில் வந்தவை எட்டு, ஒன்பது மில்லிமீட்டர் அளவுக்கு வீங்கியிருந்தன. பாயில் சுற்றிய 6ஏ அதைவிட மெலிதாகவே அமைந்தது. முன்பு கவசம் என்றாலே தடிமன். இப்போது கவசமே கேபிளை மெலிய வைத்தது. 2016-ல் வந்த கேட் 8 (2,000 மெகாஹெர்ட்ஸ், 30 மீட்டர் வரை மட்டும்) கவசம் இல்லாமல் கிடையாது. சர்வர் அறைக்குள் 25, 40 கிகாபிட்டுக்கான கேபிள் அது.

கவசத்தை ஆதரிக்க இன்னொரு காரணமும் சேர்ந்தது. லேன் கேபிளிலேயே மின்சாரம் அனுப்பும் முறை 2003-ல் 15.4 வாட்டில் தொடங்கி, 2018-ல் 90 வாட் வரை போனது. கேமரா, வைஃபை பெட்டி, விளக்கு வரைக்கும் இதில் இயங்குகின்றன. கட்டுக் கட்டாகப் போகும் கேபிள்கள் சூடாகும்போது, உலோகத் தாள் வெப்பத்தை வெளியே கடத்த ஓரளவு உதவுகிறது.

சாய்கோட்டின் இரு பக்கம்

கவசக் கேபிள்களின் பழைய பெயர்களில் ஒழுங்கில்லை. ஒரு நிறுவனம் 'எஸ்டிபி' என்று விற்றது ஜோடிக்கு ஜோடி பாயிலும் மேலே பின்னலும் உள்ள கேபிள். இன்னொன்று அதே பெயரில் விற்றது மொத்தத்துக்கும் ஒரே பாயில் சுற்றியது. 'எஃப்டிபி' என்ற பெயருக்கும் இதே கதி. 2002-ல் வந்த சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 11801-இன் இரண்டாம் பதிப்பு இதற்கு ஒரு முறை வகுத்தது. சாய்கோட்டுக்கு முன்னால் உள்ள எழுத்து நான்கு ஜோடிகளையும் சேர்த்து மூடும் வெளிக்கவசம். பின்னால் உள்ள எழுத்து ஒவ்வொரு ஜோடிக்கும் தனிக்கவசம். யு என்றால் கவசம் இல்லை. எஃப் என்றால் பாயில். எஸ் என்றால் பின்னல். கடைசியில் வரும் 'டிபி' முறுக்கிய ஜோடி.

இதைப் பிடித்துக்கொண்டால் எந்தக் கேபிளின் மேல் அச்சிட்டிருப்பதையும் படித்துவிடலாம். யு/யுடிபி என்பது நம் சாதா கேபிள். எஃப்/யுடிபி என்பது மொத்தத்துக்கும் ஒரு பாயில். பக்கத்துக் கேபிளின் தொல்லைக்கு இது போதும். யு/எஃப்டிபி-யில் வெளியே எதுவும் இல்லை, ஜோடிக்கு ஜோடி பாயில் உண்டு. எஸ்எஃப்/யுடிபி-யில் வெளியே பாயிலும் பின்னலும், உள்ளே சாதா ஜோடிகள். வெளி இரைச்சல் கடுமையாக உள்ள தொழிற்சாலைக்கு இது பொருந்தும். எஸ்/எஃப்டிபி-யில் ஜோடிக்கு ஜோடி பாயில், மேலே பின்னல். கேட் 7, கேட் 8 கேபிள்களில் காண்பது பெரும்பாலும் இதுதான். 1984-இன் ஐபிஎம் டைப் 1 கேபிளை இன்றைய முறையில் எழுதினால் அதுவும் எஸ்/எஃப்டிபி என்றே வரும்.

கேட் 7 என்று அச்சிட்டு, நமக்குப் பழகிய ஆர்ஜே-45 முனையோடு விற்கும் பேட்ச் கார்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. கேட் 7 ஐஎஸ்ஓ தரத்தில் உண்டு, அமெரிக்கத் தரத்தில் இல்லை. அதற்கென வகுத்த இணைப்பிகளும் வேறு. ஆர்ஜே-45 முனை போட்டதும் அது கேட் 7 இணைப்பாக இருப்பதில்லை.

தாளும் பின்னலும்

பாயில் ஒரு வேலை செய்யும், பின்னல் வேறு வேலை செய்யும். அதிர்வெண் ஏற ஏற மின்னோட்டம் உலோகத்தின் மேற்பரப்பிலேயே ஓடும். 100 மெகாஹெர்ட்ஸில் செம்பில் அது இறங்கும் ஆழம் ஏழு மைக்ரான்கூட இல்லை. பாலியெஸ்டரில் ஒட்டிய மெல்லிய அலுமினியத் தாளே அந்த அதிர்வெண்ணை மறித்துவிடுகிறது. இடைவெளியில்லாமல் மூடுவதும் அதன் பலம். பின்னலில் எத்தனை நெருக்கமாகப் பின்னினாலும் கண்ணிகள் இருக்கும். ஆனால் அதில் செம்பு அதிகம், மின்தடை குறைவு. அதனால் குறைந்த அதிர்வெண்களுக்குப் பின்னலே நல்லது. இழுத்தால் கிழியாது, பலமுறை வளைத்தாலும் தாங்கும்.

நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலம் இந்த இரண்டுக்குமே பணியாது. அந்த அதிர்வெண்ணில் செம்பு ஒன்பது மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால்தான் தடுக்க முடியும். அங்கே காப்பாற்றுவது பழைய முறுக்குதான். மின் கம்பியோடு ஒட்டி ஒரே பைப்பில் லேன் கேபிளை விட்டுவிட்டு, 'ஷீல்டு போட்டிருக்கிறோமே' என்று சொல்வதில் பயனில்லை. தள்ளிப் போடுவதே வழி.

எர்த் இல்லாத கவசம்

கவசம் தடுத்த இரைச்சல் எங்கேயாவது போய்ச் சேர வேண்டும். சாதா கேபிளுக்கு இல்லாத இந்தப் பொறுப்பை ஷீல்டு கேபிள் கூடவே கொண்டுவருகிறது. கேபிளின் பாயில், அதைத் தொட்டபடி கூட ஓடும் வெறுங்கம்பி (டிரெய்ன் வயர்), உலோக உறை போட்ட முனை, உலோகச் சட்டமுள்ள ஜாக், பேட்ச் பேனல், ரேக், கட்டடத்தின் எர்த் என்று சங்கிலி முழுமையாக இருக்க வேண்டும். நடுவில் ஒரே ஒரு பிளாஸ்டிக் முனை போட்டால் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும். எங்கும் சேராமல் தொங்கும் பாயில் ஆன்டெனாவாகவும் நடந்துகொள்ளும். 500 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 60 சென்டிமீட்டர். அதில் கால் பங்கான 15 சென்டிமீட்டர் துண்டே அலையைப் பிடிக்கப் போதும்.

ஒரு முனையில் மட்டும் எர்த் செய்வது பழைய ஒலி, கருவிக் கேபிள்களில் வந்த பழக்கம். உயர் அதிர்வெண் தரவுக் கேபிளில் இரு முனையும் சேர்ந்திருக்க வேண்டும். இரு முனையின் எர்த்துக்கும் இடையே மின்னழுத்த வித்தியாசம் இருந்தால் கவசத்தின் வழியாகவே மின்னோட்டம் ஓடத் தொடங்கும். வித்தியாசம் ஒரு வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான வரம்பு. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே இதை உறுதிசெய்வது கடினம். அங்கே செம்பை விட்டுவிட்டு ஃபைபருக்குப் போவதே முறை.

நம் கட்டடங்களில்

இப்போது நம் பக்கம் பார்த்தால், ஷீல்டின் தேவை இடத்துக்கு இடம் வேறு. வீட்டுக்குள் 1 கிகாபிட் வேகத்துக்குச் செம்பால் ஆன சாதா கேட் 6 தாராளம். வீட்டு ரவுட்டர்களில் பெரும்பாலும் பிளாஸ்டிக் போர்ட், இரண்டு பின் அடாப்டர். ஷீல்டு கேபிள் போட்டாலும் பாயில் போய்ச் சேர இடமில்லை. நூற்பாலைகளிலும் எந்திரத் தொழிற்கூடங்களிலும் கதை வேறு. மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவ்களும் வெல்டிங் மெஷின்களும் வெளியிடும் இரைச்சல் அகலமானது. அங்கே பின்னலும் பாயிலும் சேர்ந்த கேபிளுக்குச் செய்யும் செலவு நியாயமானது. மொட்டை மாடி விட்டு மொட்டை மாடி இழுக்கும் கேபிளில் ஷீல்டு இடியைத் தடுக்கும் என்று நம்புவது ஆபத்து. மின்னல் பாதுகாப்பு தனிக் கருவியின் வேலை.

கவனிக்க வேண்டிய இன்னொன்று, செம்பு பூசிய அலுமினியக் கம்பி. சிசிஏ என்ற பெயரில் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. தரவரையறைகள் கேட்பது முழுச் செம்பு. அலுமினியத்தின் மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். கேமராவுக்கு மின்சாரமும் சேர்த்து அனுப்பினால் வெப்பம் ஏறும். அந்தக் கம்பியின் மேல் எத்தனை பாயில் சுற்றினாலும் உள்ளே இருக்கும் குறை தீராது. பெட்டியில் ஷீல்டு என்று எழுதியிருப்பதற்கு முன்னால் செம்பு என்று எழுதியிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

முறுக்கும் கவசமும் மாறி மாறி மேலெழும் கதை இன்னும் முடியவில்லை. கார்களுக்காக 2015-ல் வந்த 100 மெகாபிட் ஈதர்நெட், கவசமில்லாத ஒரே ஒரு ஜோடியில் ஓடுகிறது. 2020-ல் அதே கார்களுக்குப் பல கிகாபிட் வேகம் தேவைப்பட்டபோது கவசம் திரும்பி வந்தது. ஆலைகளுக்காக 2019-ல் வந்த ஒற்றை ஜோடி ஈதர்நெட் ஒரு கிலோமீட்டர் வரை போகிறது. அதைக் கவசத்தோடு போடுவதே அங்கே வழக்கம். வேகம் எகிறும்போதும் சூழல் கடுமையாகும்போதும் உலோகம் தேவைப்படுகிறது. முறுக்கின் கணக்கு போதுமான இடத்தில் அது தேவைப்படுவதில்லை.

மஞ்சள் கேபிளின் காலத்தில் கேபிளோடு கவசமும் தானாகவே வந்தது. இன்றைக்கு அது நாம் எடுக்கிற முடிவு, முடிவோடு பராமரிப்பும் சேர்ந்தே வருகிறது. புதுக் கட்டடத்துக்கு விலைப்புள்ளி கேட்கும்போது 'ஷீல்டு கேபிள்' என்று மட்டும் எழுதாமல், எஃப்/யுடிபி-யா, எஸ்/எஃப்டிபி-யா, ஜாக்கும் பேட்ச் பேனலும் உலோகமா, ரேக் எர்த்தோடு சேர்ந்திருக்கிறதா என்று எழுதிக் கேட்க வேண்டும். எர்த்தே சரியில்லாத கட்டடமாக இருந்தால், ஷீல்டுக்கு ஒதுக்கிய கூடுதல் பணத்தை முதலில் எர்த் குழிக்குச் செலவிடலாம்.